தீயணைப்பு வீரர் வீட்டில் தலை தீபாவளி

கேள்வி: கல்யாணமாகி நான்கு மாதம். முழுகாமல் இருக்கிறேன், இது மூன்றாவது மாதம். அயனாவரத்தில் ஒரே பெட்ரூம் வீடு, மாமியாரும் எங்களோடு இருக்கிறார். கணவர் தீயணைப்பு வீரர். ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஆஃப். காலையில் வரும்போதே புகை வாடை. ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறார். தலை தீபாவளிக்குத் திண்டிவனம் வர முடியாது என்கிறார். அப்பாவுக்கு வருத்தம். என்ன செய்வது?

பதில்: தீபாவளியை முதலில் முடித்துவிடலாம். அன்று லீவு கிடைக்காது. அதில் உங்கள் கணவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ராக்கெட் குடிசைமேல் விழுவதும், மாடியில் போட்ட பழைய சாமான் பற்றிக்கொள்வதும் அன்று ராத்திரிதான். வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் அழைப்பு நள்ளிரவு தாண்டியும் வரும். போனை எடுக்கவில்லை என்று பதறாதீர்கள். வண்டி நிலையம் திரும்பியதும் 'வந்தாச்சு' என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும் என்று பேசி வையுங்கள். நிலையத்தின் லேண்ட்லைன் எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். விசாரிக்க 101-ஐ அழைக்கக் கூடாது.

அப்பாவிடம் மாப்பிள்ளையே பேசட்டும், அதுவும் முன்கூட்டியே. நீங்கள் தூது போனால் சாக்குச் சொல்வதாகத்தான் தோன்றும். பண்டிகைக்குப் பிறகு வரும் ஒரு ஆஃப் நாளில் அம்மாவும் அப்பாவும் சீரோடு அயனாவரம் வரட்டும். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, லேகியம் எல்லாம் அன்றைக்கே. மூன்றாம் மாதத்தில் உங்களுக்கும் பஸ் அலைச்சல் மிச்சம். ராத்திரி டூட்டி முடித்த கையோடு பைக்கில் திண்டிவனம் கிளம்பும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறும். வண்டி ஓட்ட நம் சட்டம் விடும் வரம்பே 0.03 தான்.

இனி எரிந்து விழுவது. எந்த நேரத்தில் சண்டை வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வாசற்படி ஏறிய முதல் ஒரு மணி நேரம், அல்லது தூங்கி எழுந்த அரை மணி நேரம், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நிலையத்தில் படுத்தாலும் ஒரு காது மணியின் மேல்தான். அது முழுத் தூக்கம் ஆகாது. எழுந்த பிறகும் மூளை தெளிய 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வாடகை, மாமியார், ஸ்கேன் தேதி எதுவானாலும் மாலை காபிக்கு ஒத்திப்போடுங்கள்.

ராத்திரி அமைதியாகக் கழிந்திருந்தால் காலையில் ஒன்றரை மணி நேரத் தூக்கம் போதும். விடிய விடிய ஓடியிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் தூங்கட்டும், ஆனால் பிற்பகல் 2 மணிக்கு மேல் விடாதீர்கள். அன்று ராத்திரித் தூக்கம் கெடும். படுக்கும் முன் இரண்டு இட்லி சரி, காபி கூடாது. ஜன்னலுக்குக் கனத்த திரை, காலிங் பெல்லுக்கு ஓய்வு. ஒரே பெட்ரூம் வீட்டில் குக்கர் விசில்தான் பெரிய எதிரி. பருப்பை முன்னாள் ராத்திரியே வேகவைத்துவிடலாம், மாமியாரும் சம்மதித்தால்.

புகை வாடையை நீங்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியில் படும் பொருட்களின் தாக்கத்தைப் புற்றுநோய் உண்டாக்குவதாக 2022-ல் முதல் பிரிவிலேயே சேர்த்தது. கரியில் ஒட்டிய ரசாயனங்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஆகவே நிலையத்திலேயே கழுத்து, தாடை, காதோரம், கைகளை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தலைக்குக் குளித்து உடை மாற்றி வரட்டும். காக்கியை பிளாஸ்டிக் பையில் வாயைக் கட்டி எடுத்து வரவேண்டும்; டிபன் பாக்ஸ் இருக்கும் பைக்குள் திணிக்கக் கூடாது. துவைப்பதும் அவர் வேலை, கர்ப்ப காலத்தில் அந்தத் துணியை நீங்கள் தொட வேண்டாம். தனி வாளியில் அலசி, வாஷிங் மெஷினில் தனியாகப் போட்டு, முடிந்ததும் வெறும் மெஷினை ஒருமுறை தண்ணீரில் ஓடவிட வேண்டும். தீத்தடுப்புக் கோட்டு வீட்டுக்கே வரக் கூடாது. அதை பிளீச்சிங் போட்டு வெளுத்தாலும் மொட்டை மாடி வெயிலில் காயவிட்டாலும் இழை நைந்துபோகும்.

இன்னொன்று, புகையில் நின்றுவிட்டு வந்த நாளில் தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் இருந்தால் தூங்க அனுப்பாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நம்பவும் கூடாது: கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். 108-ஐ அழைத்துக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும்.

மோசமான மீட்புப் பணிக்குப் பின் சில நாள் பேச்சுக் குறைவது இயல்பு. என்ன பார்த்தார் என்று துருவ வேண்டாம். கெட்ட கனவு, திடுக்கிடுதல், குடி கூடுதல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மனநலக் காப்பகமும் உங்கள் பக்கம்தான், மேடவாக்கம் டேங்க் சாலையில்.

காகித வேலையும் பாக்கி இருக்கும். திருமணத்தை 90 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். தவறியிருந்தால் அடுத்த 60 நாளுக்குள் தாமதக் கட்டணத்தோடு பதியலாம், உங்களுக்கு அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த அன்று அம்மா பெயரில் எழுதிய நாமினிப் படிவங்களையும் மாற்றி எழுத வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.