1930 உதவி எண்ணில் கொடுத்த புகாரின் எண் எஃப்.ஐ.ஆர். ஆகிவிடுமா?

கேள்வி: 68 வயதான என் அப்பாவை, போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்த ஒருவர், ‘உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் மூலம் தீவிரவாதிகளுக்குப் பணம் போயிருக்கிறது. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று மிரட்டி 6,40,000 ரூபாயைப் பறித்துவிட்டார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, புகார் எண் வாங்கியிருக்கிறோம். ஸ்டேஷனில் சைபர் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் திரும்ப ஸ்டேஷனுக்கே அனுப்புகிறார்கள். 15 சதவீதம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அப்பாவின் பயத்தைத் தீர்த்துவிடுங்கள். வீடியோ காலில் ஒருவரைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இணையப் பயங்கரவாதத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66எஃப் என்ற பிரிவு இருப்பதும், அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதும் உண்மைதான். அதற்காக, அந்த வழக்கை விசாரிக்கும் போலீஸ் யாரிடமும் பணம் அனுப்பச் சொல்லாது.

அந்த 15 சதவீதக்காரரை இன்றே விட்டுவிடுங்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஏமாந்த குடும்பத்தை இரண்டாம் முறை உறிஞ்சுகிற கூட்டம் இது. ‘சைபர் செல்லில் ஆள் இருக்கிறது’ என்பார்கள், முன்பணம் கேட்பார்கள், அப்புறம் ‘சரிபார்க்க’ என்று ஓ.டி.பி.யும் கேட்பார்கள். வங்கிகள் முடக்கிய பணத்தை விடுவிக்க வழக்கமான வழி, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுவது. அதில் தரகருக்கு வேலையே இல்லை. மனு எழுதத் தெரியாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

சரி, 1930 என்ன செய்கிறது? நீங்கள் கொடுத்த பரிவர்த்தனை எண்ணை வைத்து, பணம் போன வங்கிகளுக்குத் தகவல் அனுப்புகிறது. கணக்கில் மிச்சம் இருப்பதை அவை நிறுத்திவைக்கின்றன. பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனால் அந்தப் புகார் எண் எஃப்.ஐ.ஆர். எண் அல்ல. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்த ரசீதை வாங்கிக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களை இரண்டு இடமும் பந்தாடுவது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். அப்போது, ‘சைபர் கேஸை இன்ஸ்பெக்டர்தான் பார்க்கணும், இங்கே இன்ஸ்பெக்டர் இல்லை’ என்று ஒரு பதில் வரும். இது பாதிதான் உண்மை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி *விசாரிக்க* வேண்டும் என்கிறது. *பதிவு செய்ய* அவர் தேவையில்லை. அந்த நேரத்தில் ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவரே பதிந்து, விசாரணையை உரிய அதிகாரிக்கு அனுப்பலாம். பதிவு வேறு, விசாரணை வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் மக்களை அலையவிடுகிறார்கள். சட்டம் வந்த பிறகும் ஒரு முதியவர் தன் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்க வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமானால் ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்த ஒப்புகை அங்கே தேவைப்படும்.

புகாரோடு வங்கி அறிக்கை, ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், 1930 புகார் எண், அழைப்பு வந்த எண்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கட்டும். அப்பாவின் போனை ரீசெட் செய்யாதீர்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்று வீட்டில் யாராவது முதலில் செய்வது அதைத்தான்.