வெட்டுக்காயப் பூண்டுக் களிம்புக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: வேலூரில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜவ்வாது மலையில் சேகரித்த வெட்டுக்காயப் பூண்டின் சாற்றையும் பூவரசம்பட்டைச் சாற்றையும் சேர்த்துப் புண்ணுக்குக் களிம்பு உருவாக்கியுள்ளேன். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு மாநாட்டில் இதைக் கட்டுரையாக வாசித்துவிட்டேன். இனிக் காப்புரிமை பெற முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: சட்டம் படிப்பதற்கு முன் நானும் ஆய்வகத்தில் தட்டு கழுவியவன் என்பதால், தாங்கள் அனுப்பிய குறிப்பேட்டுப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன்.

மாநாட்டில் வாசித்தது மட்டுமே தங்கள் வாய்ப்பைக் கெடுத்துவிடாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, கற்றறிந்தோர் சங்கமொன்றின் முன் கண்டுபிடிப்பாளரே வாசித்த கட்டுரைக்கு, வாசித்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 12 மாதங்கள் அவகாசம் தருகிறது. எனவே தங்களுக்கு ஐந்து மாதங்கள் மீதமுள்ளன. ஆனால் மாநாட்டை நடத்தியது அத்தகைய சங்கம்தானா, கட்டண மாநாடு நடத்தும் வணிக நிறுவனமா என்பதை அழைப்பிதழைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் இந்தச் சலுகை இல்லாததால், அங்கு காப்புரிமை கோருவதை மறந்துவிடலாம்.

பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. இவ்விரு மூலிகைகளையும் நம் ஊர்ப் பாட்டிமார் புண்ணுக்குப் போட்டுவந்தவர்கள். மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது 3(p) பிரிவு. தனித்தனிப் பண்புகள் ஒன்றுசேர்வதற்கு மேல் எதுவும் நிகழாத வெறும் கலவைக்கும் இல்லை என்கிறது 3(e). ஆகவே, சேர்க்கையில் புதிதாக ஒரு கூட்டாற்றல் பிறக்கிறது என்பதைத் தாங்கள் எண்களால் நிறுவியாக வேண்டும். தங்கள் குறிப்பேட்டில், தட்டில் பாக்டீரியா வளராத வட்டம் தனிச் சாறுகளுக்கு 11, 9 மி.மீ. என்றும், கலவைக்கு 19 மி.மீ. என்றும் உள்ளது. பார்க்க அழகாக இருந்தாலும், சாறு தட்டில் பரவும் வேகத்தைப் பொறுத்தும் வட்டம் மாறும் என்பதால், விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமைத் தேர்வாளர் இதைக் கூட்டாற்றலுக்குச் சான்றாக ஏற்கமாட்டார் என்றே கருதுகிறேன். இரு சாறுகளையும் பல விகிதங்களில் கலந்து, பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவை (குறைந்தபட்சத் தடுப்பு அளவு) கண்டறியும் செக்கர்போர்டு சோதனையைச் செய்யுங்கள். தனியே தேவைப்பட்ட அளவில் எத்தனை பங்கு கலவையில் போதுமானது என்பதை இரு சாறுகளுக்கும் கணக்கிட்டுக் கூட்டிய எண்ணான எஃப்.ஐ.சி. குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால், வாதிட என் கையில் ஆயுதம் இருக்கும்.

சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கலவையையும் விகிதங்களையும் விவரித்து, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்க ஆவணம்) இப்போதே விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைச் சோதனை முடிவுகளுடன் அளிக்கலாம். மூலிகைகள் இந்திய உயிரியல் வளம் என்பதால், காப்புரிமை வழங்கப்படும் முன் தேசிய உயிர்ப் பல்வகைமை ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். அதன் அலுவலகமும் சென்னையில்தான் உள்ளது. ஆய்வேடு நூலகத்துக்குப் போவது விண்ணப்ப எண் கிடைத்த பிறகே இருக்கட்டும்; 31ஆம் பிரிவின் சலுகை அத்தகைய வெளியீட்டுக்குப் பொருந்தாது.