குதிரைப்படைச் சேணங்களும் வாள்களும்: சேகரிப்பாளர் கேள்வி பதில்

1859 முதல் அமெரிக்கக் குதிரைப்படை பயன்படுத்திய தோல் பொருள்களையும் சேபர் எனும் வளைந்த வாள்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலை மதிப்பீடு செய்வதில்லை.

கேள்வி (ஆஸ்டின்): ஐயா, பழம்பொருள் சந்தையில் பழுப்பு நிற மெக்லெலன் சேணம் ஒன்றை வாங்கினேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் (1861–65) காலத்தது என்றார் விற்றவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். 1855–56இல் ஐரோப்பியப் படைகளைப் பார்வையிட அனுப்பப்பட்ட குழுவில் இருந்த இராணுவ அதிகாரி ஜார்ஜ் மெக்லெலன் திரும்பி வந்து முன்மொழிந்த இந்தச் சேணம் 1859இல் ஏற்கப்பட்டு, சிறு சிறு மாற்றங்களோடு குதிரைப்படை குதிரையை விட்டு இறங்கும் வரை நீடித்தது. எல்லாக் காலத்துச் சேணங்களும் நடுவில் திறந்த பிளவோடு ஒரே சாயலில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். உள்நாட்டுப் போர்க் காலத்துச் சேணத்தில் மரச்சட்டத்தின் மேல் பதனிடாத பச்சைத்தோலை இழுத்துத் தைத்திருப்பார்கள். இருக்கையின் மேல் வேறு தோல் இராது. அந்தப் பச்சைத்தோல் தையலோரம் வெடித்துச் சவாரி செய்பவரின் தொடையைக் கிழித்ததால், 1870களில் அதன் மேல் கறுப்புத் தோல் போர்த்தத் தொடங்கினார்கள். பழுப்பு நிறம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1904ஆம் ஆண்டு மாதிரி முழுக்கப் பழுப்புத் தோலால் ஆனது. முதல் உலகப் போருக்காக அவற்றைப் பெருமளவில் செய்து குவித்ததால் இன்று சந்தையில் அகப்படுபவற்றில் பெரும்பாலானவை அவையே. முன்புற வளைவில் உள்ள சிறு பித்தளைத் தகட்டில் 11, 11½, 12 என்று காணப்படும் எண் இருக்கையின் அங்குல அளவு. அதை ஆண்டு என்றோ படைப்பிரிவு என்றோ விளக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிச் செல்லுங்கள். கதையை வாங்காதீர்கள், பொருளை வாங்குங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): என்னிடம் உள்ளது கறுப்புச் சேணம். அப்படியானால் அது பழையதுதானே?

பதில்: பழுப்புச் சேணத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி விற்பதும் உண்டு. வார்கள் மடிந்து மறைந்திருக்கும் இடங்களையும் ஆணித் தலைகளின் ஓரங்களையும் விளக்கொளியில் பாருங்கள். அடியில் பழுப்பு தெரிந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

கேள்வி (சிகாகோ): 1860 மாதிரி சேபர் அசலா, பிற்காலப் பிரதியா என்று எப்படி அறிவது?

பதில்: இந்தியாவில் செய்த மலிவான பிரதிகள் பல பதிற்றாண்டுகளாக அமெரிக்கச் சந்தையில் புழங்குகின்றன, அவற்றுள் சில இப்போது உண்மையாகவே பழையவையாகத் தோற்றமளிக்கும் அளவுக்கு வயதாகிவிட்டன. முதலில் கைப்பிடியின் உச்சியைப் பாருங்கள். அசலில் அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் செல்லும் பகுதி, பித்தளைக் குமிழின் வழியே வெளிவந்து, சுத்தியால் அடித்து மழுக்கப்பட்டிருக்கும். பிரதிகள் பலவற்றில் அங்கே திருகுமரை இருக்கும். அடுத்து, கைக்காப்புக்கு மேலே அலகின் அடிப்பகுதி. மாசசூசெட்ஸ் மாநிலம் சிக்கோபியில் இருந்த ஏம்ஸ் போன்ற ஒப்பந்தக்காரர்கள் அரசுக்குச் செய்தவற்றில் ஒரு பக்கம் செய்தவர் பெயரும், மறுபக்கம் யூ.எஸ். என்ற எழுத்துகளும் ஆண்டும் ஆய்வாளரின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கியவற்றிலும் இறக்குமதியானவற்றிலும் அது இல்லாதிருக்கலாம். அலகின் நீள்பள்ளம் கரடுமுரடாகவும், வார்ப்புப் பித்தளை மணல் மணலாகவும் இருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.

கேள்வி (டென்வர்): கஸ்டரின் படை லிட்டில் பிக்ஹார்னில் வீசிய சேபர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை தன் சேபர்களைப் பின்னால் கிடங்கில் விட்டுவிட்டே, 1876 ஜூனில் பழங்குடியினரோடு நடந்த அந்தப் போருக்குச் சென்றது.

கேள்வி (ஹூஸ்டன்): தோல் வறண்டிருக்கிறது. எந்த எண்ணெய் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம்.

கேள்வி (அதே வாசகர்): மன்னிக்க வேண்டும் ஐயா. மாட்டுக்கால் எலும்பெண்ணெய் பூசச் சொல்லி இராணுவக் கையேடுகளே எழுதியிருக்கின்றன. இராணுவத்தைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

பதில்: அந்தக் கையேடுகள் மழையிலும் குதிரை வியர்வையிலும் தினமும் நனைந்து, தேய்ந்தால் கிடங்கிலிருந்து புதியது வரும் சேணத்துக்காக எழுதப்பட்டவை. உங்களுடையதற்கு மாற்று வராது. பூசிய எண்ணெய் காற்றுப் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டுப் பிசுபிசுக்கும், தோல் கறுக்கும், எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்பு ஆணிகளோடும் பித்தளையோடும் சேர்ந்து பச்சை மெழுகாகக் கிளம்பி, சுற்றியுள்ள தோலையும் தின்னும்.

கேள்வி (ஓஹியோ): நடுவில் புகுவதற்குப் பொறுத்தருள்க. பழைய போர்களை நடித்துக்காட்டும் மறுநிகழ்த்தலில் நான் அசல் 1904 சேணத்தில்தான் ஏறுகிறேன். எண்ணெய் பூசாவிட்டால் வார் அறுந்து நான்தான் விழுவேன்.

பதில்: எண்ணெய் பூசினாலும் விழுவீர்கள். நூறாண்டு கடந்த தையல் நூலுக்கும் தோலின் இழைக்கும் எண்ணெய் வலிமை தருவதில்லை, வளைவைத்தான் தருகிறது. வளையும் வார் நம்பத்தக்கது என்ற எண்ணம்தான் ஆபத்தானது. சவாரிக்குப் புதிதாகச் செய்த சேணம் வாங்குங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): அப்படியானால் தொட்டால் சிவப்புப் பொடி உதிர்வதை வேடிக்கை பார்க்க வேண்டுமா?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இருவருக்கும் நேரம் மிஞ்சியிருக்கும். அது வறட்சி அன்று. தாவரப் பட்டையால் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தக மாசால் அமிலமாகிச் சிதைவதன் அறிகுறி. அதைத் திருப்ப முடியாது. எண்ணெய் அந்தப் பொடியைக் கறுப்புச் சேறாக்கும். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்து மெல்லப் பூசிப் பொடியைப் பிணைக்கிறார்கள். மறைவான மூலையில் சோதித்த பிறகே செய்யுங்கள். நிறம் சற்று மாறக்கூடும்.

கேள்வி (அட்லாண்டா): வளைவே இல்லாத நேரான குதிரைப்படை வாள் ஒன்றைக் கண்டேன். போலிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். பின்னாளில் இரண்டாம் உலகப் போர்த் தளபதியான ஜார்ஜ் பேட்டன் இளம் அதிகாரியாக இருந்தபோது வடிவமைத்த 1913 மாதிரி நேரானது, குத்துவதற்கானது.

கேள்வி (சென்னை): உறவினர் வழியாகச் சேபர் ஒன்றை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: சுங்கத் துறையிடமும் ஆயுத உரிமம் வழங்கும் அலுவலரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். சட்டம் என் துறை அன்று.

கேள்வி (மொன்டானா): பழைய போர்க்களத்தில் உலோகங்காணி கொண்டு தேடினால் கொக்கிகள் கிடைக்குமா?

பதில்: கூட்டரசு நிலமானால் 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டியெடுப்பது குற்றம். அப்படி வந்த பொருளை வாங்குவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும்.

கேள்வி (டாலஸ்): என் சேணமும் பழுப்புதான். உள்நாட்டுப் போர்க் காலத்ததாக இருக்க வாய்ப்பே இல்லையா?

பதில்: ஆஸ்டின் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (பாஸ்டன்): சேணத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டலாமா?

பதில்: கூடாது. ஒரே இடத்தில் எடை விழுந்தால் மரச்சட்டத்தின் இணைப்பு விடும். குதிரை முதுகைப் போல இருபுறமும் சரிந்த மரத்தாங்கியில், அமிலமில்லாத பஞ்சுத்துணி விரித்து வையுங்கள். அங்கவடிகள் தொங்காதபடி அடியில் பலகை கொடுங்கள். கணப்படுப்புக்கும் நேர் வெயிலுக்கும் தள்ளியிருக்கட்டும். நிலவறையில் வைக்காதீர்கள்; ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.