ஆப் இருக்கும்போது வட்டிக் கணக்கை எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வி: பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வணிகக் கணிதத்தில் கூட்டு வட்டி, அன்யூட்டி, கடன் தவணை என்று ஒரு யூனிட் முழுக்க சூத்திரம்தான். இஎம்ஐ போட்டுப் பார்க்க ஆப் இருக்கிறது. பிறகு இதை எதற்குப் படிப்பது? யாருக்காவது உண்மையில் பயன்பட்டிருக்கிறதா?

எனக்குப் பயன்பட்டது. சூத்திரமெல்லாம் பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்து போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறக்காமல் நின்றது ஒரு கோடு.

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்த மேடம் முதல் நாளே போர்டில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இடது முனையில் 'இன்று' என்று எழுதினார். அங்கிருந்து வலப்பக்கம் மாதத்துக்கு ஒரு புள்ளி. கைக்கு வரும் பணத்துக்கு மேலே ஓர் அம்பு, கையை விட்டுப் போகும் பணத்துக்குக் கீழே ஓர் அம்பு. "வேற வேற புள்ளியில நிக்கிற ரூபாயை அப்படியே கூட்டாதீங்க. எல்லாத்தையும் ஒரே புள்ளிக்கு இழுத்துட்டு வாங்க, அப்புறம் கூட்டுங்க" என்றார். அந்த யூனிட்டில் இருப்பது மொத்தமும் இதுதான். வலப்பக்கம் இழுத்தால் கூட்டு வட்டி, இடப்பக்கம் இழுத்தால் தற்போதைய மதிப்பு. ஒரே அளவு அம்புகள் வரிசையாக நின்றால் அன்யூட்டி. இஎம்ஐ அதில் ஒரு வகை.

அன்று மாலையே அந்தக் கோட்டை வீட்டில் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குத் தள்ளுவண்டியில் காய்கறி வியாபாரம். தண்டலில் பணம் வாங்கித்தான் வண்டி ஓடும். தெரியாதவர்களுக்காக: பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கட்டம் போட்ட ஓர் அட்டை இருக்கும். தண்டல்காரர் காலையில் வண்டிக்கே வந்து நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து சதவீதம். நூறு நாளுக்குப் பத்து என்றால் வருஷத்துக்கு 36 சொச்சம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கோடு போட்டதும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கைக்கு வந்தது ஒன்பதாயிரம்தான், பத்தாயிரம் இல்லை. அந்த ஒன்பதாயிரமும் நூறு நாள் முழுக்க நம்மிடம் இல்லை. மறுநாளே நூறு போய்விடுகிறது, ஐம்பதாம் நாள் வரும்போது பாதிக்கு மேல் திரும்பிப் போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் நாம் வைத்திருந்தது நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். அதற்கு நூறு நாளுக்கு ஆயிரம் ரூபாய் வட்டி.

சரியான விகிதத்தைக் கண்டுபிடிக்க நேரடிச் சூத்திரம் கிடையாது. ஒரு வட்டியை ஊகித்துப் போட்டு, விடை கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, கால்குலேட்டரோடு மல்லாட வேண்டும். நாளுக்கு 0.21 சதவீதத்துக்கு மேலே கொஞ்சம் வந்தது. வருஷக் கணக்கில் 77, 78 சதவீதம்.

பெரிய ரகசியத்தைப் பிடித்துவிட்ட மாதிரி அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒன்பதாயிரத்துக்கு ஒரு நாளைக்கு வட்டி எவ்வளவு வருது?" இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே என்றேன். "அந்தக் காசுக்கு கோயம்பேட்டுல சரக்கு எடுத்தா சாயங்காலம் எனக்கு எவ்வளவு மிஞ்சும் தெரியுமா? உன் மேடம் அதைச் சொல்லலையா?"

சொல்லியிருந்தார், அடுத்த யூனிட்டில். கடனின் விலையை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை, அந்தப் பணம் எதை ஈட்டித் தருகிறது என்பதோடு ஒப்பிட வேண்டும் என்பது முதலீட்டுப் பாடத்தின் முதல் பக்கம். அப்பா அதைப் படிக்காமலே வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அக்காள் மகளின் காதுகுத்துக்கு சீர் செய்ய அதே தண்டலில் அதே பத்தாயிரத்தை வாங்கியபோது அவருடைய கணக்கு உடைந்தது. அந்தப் பணம் சாயங்காலம் எதையும் கொண்டுவரவில்லை. அதை அடைக்க இன்னொரு அட்டை, அதை அடைக்க மற்றொன்று. வட்டி மாறவே இல்லை, பணம் போன இடம்தான் மாறியது. அந்த வருஷம் வீட்டில் மூன்று அட்டைகள் இருந்தன.

இப்போது ஆப் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸில் ஒரு நண்பர் வீட்டுக் கடன் வாங்கப் போகும்போது ஆப்பில் தட்டிப் பார்த்தார். 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம். இஎம்ஐ 17,356 என்று வந்தது, சரியான விடைதான். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது மூவாயிரத்துச் சொச்சம் என்பது அவருக்குத் தெரியாது. பத்து வருஷம், அதாவது பாதிக் காலம் கட்டி முடித்த பிறகும் ஏறக்குறைய 14 லட்சம் பாக்கி நிற்கும். அசலில் பாதி அடைபடவே 14ஆம் வருஷம் ஆகும். இதைச் சொன்னதும் வங்கி ஏமாற்றுகிறது என்று கோபப்பட்டார். ஏமாற்று இல்லை, கோட்டில் அம்புகள் அப்படித்தான் நிற்கின்றன.

இதைவிட முக்கியமானது வட்டி ஏறும்போது நடப்பது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டு போனது. பலருக்குத் தவணைத் தொகை ஏறவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட்டார்கள். ஏறியது மாதங்களின் எண்ணிக்கை. மேலே சொன்ன கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே வட்டி 9.5 ஆகி, தவணை அதே 17,356-ஆக இருந்தால், 240 மாதம் 309 மாதமாகிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு வருஷம்! தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே சொன்னது. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரிய வேண்டுமே.

சேமிப்புப் பக்கமும் இதே கதைதான். சொந்தக்காரர் ஒருவர் ஒரு பாலிசி கொண்டு வந்தார். வருஷம் 25,000, இருபது வருஷம். "கட்டுறது அஞ்சு லட்சம், கைக்கு வர்றது ஒன்பது லட்சம் மாப்ளே." கோடு போட்டேன். வருஷத்துக்கு 5.3 சதவீதம். காப்பீடு என்று வேண்டுமானால் எடுக்கலாம், லாபம் என்று எடுக்க முடியாது. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

பாடத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் தொகை, பெர்பெச்சுவிட்டி, என்று ஒரு பகுதி வரும். யார் அப்படிக் கொடுப்பார்கள் என்று வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் ஒரு உதாரணமும் இல்லை. நம் ஊர்க் கோயில் சுவர்களில் நிறைய இருக்கிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு விட்ட கணக்கு வருகிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய். செத்ததும் கிழடானதும் போகப் போகக் குட்டிகள் ஈடு செய்யும், எண்ணிக்கை குறையாது. அதனால் அதற்குப் பெயரே சாவா மூவாப் பேராடு. முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் எடுப்பதற்கு இதைவிட நல்ல பெயர் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அதே கோயிலில் காசாகக் கடன் கொடுத்ததும் உண்டு. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது 12.5 சதவீதம். இதை வைத்து ஆரம்பித்திருந்தால் கடைசி பெஞ்சும் விழித்திருக்கும்.

அதனால் நீங்கள் பரீட்சைக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தாலும், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு நிஜக் கடனை எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். நகைக் கடன், ஏலச்சீட்டு, பைக் லோன், எதுவானாலும் சரி. பைக் லோனை 'பிளாட் ரேட்' என்று சொன்னால், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டால், கூடுதலாகக் கவனியுங்கள். மூன்று வருஷத்துக்கு பிளாட் 10 என்பது உண்மையில் 18-ஐத் தொடும்.

அப்பா விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு தெருவோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாகப் பத்தாயிரம் கிடைத்தது. ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பும். தண்டலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். இரண்டாம் மாதமே அவர் முணுமுணுத்தார்: "தினம் நூறுன்னா போறது தெரியாதுடா. மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா எடுத்து வைக்கிறதுதான் கஷ்டம்." மறுநாள் பழைய தண்டல் அட்டை மாதிரியே ஓர் அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தினமும் முப்பத்தைந்து ரூபாயை டப்பாவில் போட்டுவிட்டு, அவரே ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.