வீடு தங்கைக்கு, செலவு மட்டும் எனக்கா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டைத் தங்கைக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது மருந்துச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்லி எனக்குப் போன் செய்கிறார். வீட்டை வாங்கிக்கொண்டவள்தானே பார்க்க வேண்டும்? சட்டப்படி எனக்கு என்ன கட்டாயம்? தாத்தா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. அதிலாவது எனக்குப் பங்கு உண்டா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை அப்பா மகளுக்குக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதலாம், விற்றுச் சாப்பிடவும் செய்யலாம். அதில் உங்களுக்குப் பிறப்புரிமை எதுவும் கிடையாது.

சரி, கட்டாயம் என்ன என்கிறீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத தாய் தகப்பன், வயதுவந்த பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம் என்கிறது. சொத்து வாங்கிய பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதே பிரிவு பிள்ளை இல்லாத முதியவரைப் பற்றியும் பேசுகிறது. அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினர் அவரைப் பார்க்க வேண்டுமாம். கவனித்தீர்களா? சொத்து என்ற நிபந்தனையை அண்ணன் மகனுக்கும் அக்கா மகளுக்கும் வைத்த சட்டம், பெற்ற மகனுக்கு வைக்கவில்லை. நீங்கள் கேட்கும் சலுகை உறவினருக்கு உரியது, மகனுக்கு இல்லை.

இதையே திருப்பிப் பாருங்கள். அப்பா உயிலோ செட்டில்மென்டோ எழுதாமல் கண்ணை மூடியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீட்டில் உங்களுக்கும் தங்கைக்கும் சம பங்கு வந்திருக்கும். பத்து வருஷம் அப்பாவின் முகத்தில் விழிக்காத மகனாக இருந்தாலும் வந்திருக்கும். அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சொத்துக்காரரைக் கொலை செய்தவனுக்குத்தான் வாரிசுரிமை இல்லை என்கிறது. சோறு போடாதவனை அது தள்ளிவைக்கவில்லை. பங்கு கொடுக்கும்போது ‘அப்பாவைப் பார்த்தாயா?’ என்று சட்டம் உங்களைக் கேட்காது. அப்படியிருக்க, பார்க்க வேண்டிய நேரத்தில் ‘எனக்கு என்ன கொடுத்தார்?’ என்று நீங்கள் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் எத்தனை பெண்கள் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசிக் காலத்தில் அம்மாவுக்குப் படுக்கை மாற்றியிருக்கிறார்கள்! அவர்களில் ஒருத்தி ‘சொத்து வாங்கியவன் பார்க்கட்டும்’ என்று எனக்குக் கடிதம் எழுதியதில்லை. ஒரு வீட்டில் ஒரு முறை அது மாறி நடந்ததும் கடிதம் வந்துவிட்டது.

தங்கைக்குப் பொறுப்பு இல்லையா? நிச்சயம் உண்டு. மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அப்பா உங்கள் மேல் மட்டும் மனு கொடுத்தால், தங்கையையும் அதில் சேர்க்கச் சொல்லி நீங்களே கேட்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்து, அவள் பார்க்காமல் விட்டால், பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. ஆனால் அந்த உரிமை எழுதிக் கொடுத்த அப்பாவுக்கு. கோபத்தில் இருக்கும் அண்ணனுக்கு அல்ல.

பராமரிப்பு மனுவைக் கோட்டாட்சியர் விசாரிப்பார். அப்பா மனு எழுதிக் கொடுத்தால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். மழையை நம்பிக் கிடக்கும் நிலத்தைக் காட்டி ‘அவருக்குத்தான் சொத்து இருக்கிறதே’ என்று தப்பிக்க நினைக்காதீர்கள். அதிலிருந்து வருவது மருந்துக்குக் காணுமா என்றுதான் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த நிலம். தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா தானே கிரயம் வாங்கிய நிலமாக இருந்து, 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்து. 1986-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தாத்தாவுக்கும் அவர் அப்பன் பாட்டன் வழியில் வந்து, இன்னும் பாகம் பிரியாமல் இருந்தால் உங்களுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. அப்பாவைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உண்டு. 2005-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு தங்கைக்கும் அதே அளவு உண்டு.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊரில் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மருந்துக் கடைக்கு இந்த வாரமே பணம் வேண்டும். இன்று தங்கைக்குப் போன் செய்து, ஆளுக்குப் பாதி என்று பேசி முடியுங்கள். அவள் எடுக்காவிட்டால் முழுவதையும் நீங்களே அனுப்புங்கள்.