'நியர் ஃப்ரெண்ட்' என்று ஏன் சொல்லக் கூடாது?

'நியர்', 'க்ளோஸ்' இரண்டுக்கும் 'அருகில்' என்பதே பொருளாக இருக்க, 'க்ளோஸ் ஃப்ரெண்ட்' சரி என்றும் 'நியர் ஃப்ரெண்ட்' பிழை என்றும் ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களைத் திருத்திவிட்டுக் காரணம் சொல்லாமல் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஓய்வுபெறவிருந்த மூத்த அலுவலருக்கு ஆங்கிலத்தில் பிரிவுமடல் எழுதும் பொறுப்பு ஓர் இளம்பெண்ணிடம் தரப்பட்டது. தமக்குத் தொழில் கற்றுத்தந்த அந்தப் பெரியவரோடு தமக்கு இருந்த உறவை, அகராதியில் 'நெருக்கமான' என்று கண்ட சொல்லை நம்பி, 'இன்டிமேட் ரிலேஷன்ஷிப்' என்று அவர் எழுதிவிட்டார். அந்தத் தொடர் உடலுறவைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். மேலாளர் அதை எல்லோர் முன்னிலையிலும் படித்துக்காட்டிச் சிரித்தார். வேறு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "இப்படி எழுத மாட்டார்கள்" என்பதற்கு மேல் அவரிடம் விடை இல்லை. அன்று மாலை அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து அதை 'க்ளோஸ் வொர்க்கிங் ரிலேஷன்ஷிப்' என்று மாற்றினோம். அவருடைய அன்பில் ஒரு குறையும் இல்லை. அவர் நம்பிய அகராதி சொல்லின் பொருளைத் தந்ததே தவிர, அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடையும். 'நியர்' உறவினருக்குப் பொருந்தும், 'நியர் ரிலேட்டிவ்' என்பார்கள். 'நியர் அண்ட் டியர்' என்ற தொடரிலும் அது உண்டு. நண்பருக்கோ 'க்ளோஸ்'தான் நிலைத்துவிட்டது. 'டீப் ஃப்ரெண்ட்ஷிப்' உண்டு, 'டீப் ஃப்ரெண்ட்' இல்லை. 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்பதில் வேகம் எதுவும் கிடையாது. 'உறுதியான' என்ற பழைய பொருள் அங்கே தங்கியிருக்கிறது. 'கித்' என்ற சொல்லோ இன்று, நட்பையும் சுற்றத்தையும் குறிக்கும் 'கித் அண்ட் கின்' என்ற இணைக்கு வெளியே ஏறத்தாழ வழக்கிலேயே இல்லை. பொருளை மட்டும் வைத்து இவற்றை ஊகித்துவிட முடியாது. வழக்கே இவற்றைத் தீர்மானித்திருக்கிறது. தமிழிலும் 'தூரத்து உறவினர்' என்கிறோம், 'தூரத்து நண்பர்' என்பதில்லையே.

இதெல்லாம் ஆங்கில மோகம் என்று சிலர் சொல்லக்கூடும். பிழையாக எழுதுபவரை இழிவாகப் பார்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன், கற்பதை அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த ஹரால்டு பால்மர் 1933இலேயே இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி டோக்கியோவில் அறிக்கையாக வெளியிட்டார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். இவ்வளவுக்குப் பிறகும் நம் தேர்வுத்தாள்கள் ஒரே பொருள் தரும் சொற்களைப் பட்டியலிடச் சொல்லி மதிப்பெண் வழங்குகின்றன. அப்படிப் படித்து வந்தவர் 'நியர் ஃப்ரெண்ட்' என்று எழுதினால் குற்றம் அவருடையதா?

2002இல் முதற்பதிப்பு கண்ட ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதி போன்ற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடைமொழியைத் தேடாதீர்கள், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்: 'ஃப்ரெண்ட்ஷிப்' என்பதன் கீழே அதற்கு உரிய அடைமொழிகளோடு, நட்பு தொடங்குவதைச் சொல்லும் 'ஸ்ட்ரைக் அப்' போன்ற வினைகளும் சேர்ந்தே கிடைக்கும்.