பேய் வீடு நடத்துவது கட்டுப்படியாகுமா? எதில் சிக்கல் வரும்?

காலியாகக் கிடக்கும் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, மக்கள் கட்டணம் செலுத்தி நடந்து பார்க்கும் பேய் வீடாக மாற்றினால் கட்டுப்படியாகுமா என்பது கேள்வி. அப்படிப்பட்ட ஓரிடத்தில் இரண்டு பருவங்கள் நுழைவாயில் பொறுப்பிலும், மூன்றாவது பருவம் கணக்கு வழக்கிலும் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் முகமூடியைப் பற்றியும் ஒப்பனையைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் லாபமா நட்டமா என்பதை, வாசலில் நிற்பவர் கையில் இருக்கும் ஸ்டாப் வாட்ச்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

கணக்கு எளிமையானது. ஆறு பேர் கொண்ட குழுவை 45 வினாடிக்கு ஒருமுறை உள்ளே அனுப்பினால் மணிக்கு 80 குழுக்கள், அதாவது 480 பேர். இடைவெளியை 30 வினாடியாகக் குறைத்தால் 720 பேர். சனிக்கிழமை இரவு வரிசை வாகன நிறுத்துமிடம் வரை நீண்டு, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும்போது, எங்கள் முதலாளி தவறாமல் என் அருகில் வந்து, "கொஞ்சம் சீக்கிரம் விடுங்க தம்பி" என்பார். நானும் விடுவேன். விட்ட பத்தாவது நிமிடத்தில் உள்ளே குழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஊர்வலமாகிவிடும். முன்னால் போனவர்கள் எந்த மூலையில் அலறினார்கள் என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த மூலையில் யார் பாய்ந்தாலும் சிரிப்புதான் வரும். அன்றைய வசூல் உயரும், அடுத்த வாரம் விமர்சனப் பக்கங்களில் நட்சத்திரங்கள் குறையும்.

முதலாளியை மட்டும் குறை சொல்ல முடியாது. அக்டோபர் இறுதியில் பேய் வேடங்களோடு கொண்டாடப்படும் ஹாலோவீனை நம்பி நடக்கும் பேய் வீட்டுக்கு ஆண்டில் ஏறக்குறைய இருபது இரவுகள்தான் கிடைக்கும். இரவுக்கு ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் நூறு மணி நேரம். வாடகை, காப்பீடு, மரவேலை, மின்வேலை, கூலி ஆகிய அனைத்தையும் அந்த நூறு மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். இதில் ஒரு சனிக்கிழமை மழையில் போனால், அதை ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொண்டு ஈடுகட்ட முடியாது. அமெரிக்காவில் 1970களில் ஜேசீஸ் என்ற இளைஞர் சேவை அமைப்பினர் நிதி திரட்டுவதற்காக ஊர் ஊராகப் பேய் வீடுகளை நடத்தியபோது, நடித்தவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் கூலிச் செலவு அவர்களை அழுத்தவில்லை. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்கா 1973இல் இதே வேலையைத் தொடங்கியபோது, நுழைவாயிலும் வாகன நிறுத்துமிடமும் கழிப்பறையும் பணியாளர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். தனி ஆளாகக் கிடங்கு எடுப்பவருக்கு இந்த இரண்டு வசதிகளுமே கிடையாது.

இடைவெளிச் சிக்கலுக்கு நான் அறிந்தவரை மிக நேர்த்தியான விடை டிஸ்னிலேண்ட் பூங்காவில் உள்ள ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைதான். அதன் வெளிக்கட்டடம் 1963இலேயே முடிந்துவிட்டது. திறக்கப்பட்டதோ 1969 ஆகஸ்ட் 9 அன்று. முதலில் அதை மக்கள் நடந்து பார்க்கும் வீடாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். நடையாக வருபவர்களை வைத்து அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்பதால், நிற்காமல் சங்கிலிபோல் நகரும் இருக்கை வண்டிகளுக்கு மாறினார்கள். வண்டி நகர்வதோடு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பவும் செய்யும். ஆகவே பார்வையாளர் வேகமாக நடக்கவோ, பின்வாங்கவோ, ஒப்பனை கலைந்த மூலையை எட்டிப் பார்க்கவோ வழியில்லை. அதற்கான முதலீடு நம்மைப் போன்றவர்களிடம் இல்லை என்பதால், அந்த வண்டியின் வேலையை நடிகர்களைக் கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. எதிரே வந்து பயமுறுத்தினால் குழு நின்றுவிடும் அல்லது திரும்பி ஓடும். பக்கவாட்டிலோ பின்னாலோ வந்து பயமுறுத்தினால் முன்னோக்கி ஓடும். புதிதாகச் சேரும் நடிகருக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அந்த நடிகரின் நிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 45 வினாடிக்கு ஒரு குழு என்றால், ஐந்து மணி நேரத்தில் அவர் 400 முறை பாய்ந்து கத்துகிறார். இரண்டாவது வார இறுதியில் தொண்டை கட்டிவிடும். பயத்தில் கை ஓங்குபவர்கள் உண்டு. அவர்களில் பலர் உண்மையாகவே அனிச்சையாகச் செய்பவர்கள், சிலர் நண்பர்கள் முன்னால் வீரம் காட்டுபவர்கள். பத்து இடங்களுக்குப் பத்து நடிகர்கள் என்று திட்டமிட்டால் போதாது, குறைந்தது பதின்மூன்று பேராவது வேண்டும்.

தீ பாதுகாப்பைப் பொறுத்தவரை சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் ஹாண்டட் காசில் என்ற பேய் வீடு எரிந்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். சரக்கு டிரெய்லர்களை இணைத்து அமைக்கப்பட்ட அந்த இடத்தில் தண்ணீர்த் தெளிப்பான்களும் இல்லை, புகை எச்சரிக்கைக் கருவிகளும் இல்லை. வேண்டுமென்றே வழியைக் குழப்பி, இருட்டாக்கி, ஓசையால் நிரப்பிய கட்டடங்களுக்கு இன்று அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதிகளில் தனி வகையே இருக்கிறது: தெளிப்பான்கள் வேண்டும், எச்சரிக்கை ஒலித்தவுடன் விளக்குகள் எரிந்து மற்ற ஓசைகள் தானாக நிற்க வேண்டும்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்பதை என் முதல் பருவத்தில் பார்த்தேன். மூன்றாவது அறையின் புகை இயந்திரத்தை யாரோ அதிகம் திறந்துவிட, நிறைந்த சனிக்கிழமை ஒன்றில் எச்சரிக்கை ஒலித்தது. விளக்குகள் அனைத்தும் எரிந்தன. கறுப்பு வண்ணம் பூசிய ஒட்டுப்பலகைச் சுவர்கள், அவற்றில் துருத்திக்கொண்டிருந்த ஸ்டேப்பிள் கம்பிகள், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு பிணம் என எல்லாவற்றையும் பார்வையாளர்கள் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்கள். மீண்டும் தொடங்க 40 நிமிடம் ஆயிற்று. அவர்களுக்கு மறுநுழைவுச் சீட்டு கொடுத்ததால், அடுத்த சனிக்கிழமையின் இடங்களிலும் ஒரு பகுதி அன்றே போய்விட்டது.

வழக்குகளைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். சான் டியாகோவில் ஒரு பார்வையாளர், வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில், சங்கிலி ரம்பத்துடன் துரத்திய நடிகரிடமிருந்து ஓடி விழுந்து காயமடைந்து வழக்குத் தொடுத்தார். பயமுறுத்தப்படுவதும் அஞ்சி ஓடுவதும் இந்த அனுபவத்திலேயே அடங்கிய அபாயம் என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் நடத்துநருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இருந்தாலும், அப்படி வெல்வதற்கு ஆகும் வழக்கறிஞர் கட்டணம் சிறிய நடத்துநரின் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும். பொறுப்புக் காப்பீட்டின் தவணை குறையப்போவதும் இல்லை. தரை மேடுபள்ளங்களைச் சரிசெய்வது அதைவிட மலிவு.

எனவே, குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கிடங்கைத் தீயணைப்பு அதிகாரி ஒருவரிடம் காட்டுங்கள். தெளிப்பான் அமைப்பதற்கான செலவு வாடகையைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். பிறகு 60 வினாடி இடைவெளி, இருபதுக்குப் பதிலாகப் பதினெட்டு இரவுகள், வார நாட்களில் பாதிக் கூட்டம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் இடத்தில் முதல் இரண்டு பருவங்களும் அந்தக் கணக்கில் தேறவில்லை. மூன்றாவது பருவத்தில், கிடங்கின் பாதியை ஆண்டு முழுவதும் நடக்கும் எஸ்கேப் ரூமுக்கு (புதிர்களை விடுவித்து அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு) உள்வாடகைக்கு விட்ட பிறகுதான், கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கழித்தல் குறி இல்லாத ஓர் எண்ணை நான் எழுதினேன்.